செவிசாய்க்காத அணுக்கள்

லண்டனின் தென் கென்சிங்டனில், ராயல் ஆல்பர்ட் அரங்கத்துக்குப் பின்னால் ஓடும் பிரின்ஸ் கன்சார்ட் சாலையில் இருக்கிறது பிளாக்கெட் ஆய்வகம். இம்பீரியல் கல்லூரியின் இயற்பியல் துறை இயங்குவது அங்கேதான். அந்தத் துறையின் ஒரு குழு, கால்சியம் மோனோஃபுளோரைடு என்ற மூலக்கூறைத் தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டி, அதைவிட ஒரு டிகிரியின் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு மட்டுமே கூடுதலான நிலைவரை குளிர்வித்திருக்கிறது. அதே துறையின் இன்னொரு குழு ருபிடியம் உலோகத்தைக் கண்ணாடிக் குப்பிக்குள் சூடாக்கி, அந்த ஆவியில் ஒற்றை ஒளித்துகள்களைப் பிடித்து வைக்கிறது. குளிரில் வேலை செய்தவர்கள் ஒரு குவாண்டம் நிலையைச் சில மில்லி நொடிகள் காப்பாற்றினார்கள். வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கிடைத்தது நானோ நொடிக் கணக்கு. இரண்டுக்கும் இடையே லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம்.

குளிர் வென்றுவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். பத்திரிகைச் செய்திகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்கின்றன: பிரபஞ்சத்திலேயே மிகக் குளிர்ந்த இடம், உறைந்த ஒளி, இத்யாதி. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. ஓர் அணு எதையெல்லாம் கேட்காமல் இருக்கிறது என்பதுதான் அதன் நினைவாற்றலைத் தீர்மானிக்கிறது. கேட்காமல் இருக்கச் செய்யும் வழிகளில் குளிர் ஒன்று. சில சமயம் அது பிரதான வழிகூட இல்லை.

முதலில், சேமிக்கப்படுவது எது? ருபிடியம்-87 அணுவின் வெளி எலக்ட்ரானும் அதன் அணுக்கருவும் ஆளுக்கொரு சின்னஞ்சிறு காந்தம். அவை ஒன்றையொன்று பார்த்து நிற்கும் விதம் இரண்டு. இரண்டுக்கும் ஆற்றலில் மெல்லிய வித்தியாசம் உண்டு. அதை அதிர்வெண்ணாகச் சொன்னால் நொடிக்கு ஏறத்தாழ 683 கோடி. சாதாரணக் கணினிக்கு ஒரு விதத்தை 0 என்றும் மற்றதை 1 என்றும் வைத்துக்கொண்டால் போதும். குவாண்டம் தகவலின் அலகான க்யூபிட்டுக்கு அது போதாது. அதில் அணு இரண்டு நிலைகளிலும் சேர்ந்தே இருக்கிறது. எந்த நிலை எவ்வளவு என்ற விகிதத்தோடு, இரண்டுக்கும் இடையிலான 'கட்டம்' என்ற கோணமும் தகவலின் பகுதி. அந்தக் கோணமோ சும்மா இருப்பதில்லை. நொடிக்கு 683 கோடி முறை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பது நமக்கு மிகச் சரியாகத் தெரிந்திருக்கும்வரை தகவல் பத்திரம். எங்கோ ஒரு லிஃப்ட் நகர்ந்து காந்தப்புலம் கொஞ்சம் மாறினாலும் சுற்றும் வேகம் மாறிவிடும். எவ்வளவு மாறியது என்பது நமக்குத் தெரியாது.

ஓர் அணுவுக்குப் பதில் லட்சக்கணக்கான அணுக்களில் தகவலைப் பரப்பி வைத்தால் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. ஒவ்வோர் அணுவும் சற்றே வேறான புலத்தில் நிற்கிறது. பஜனை கோஷ்டியில் எல்லாரும் ஒரே தட்டில் தாளத்தை ஆரம்பித்து, ஆளாளுக்கு நூலளவு வேகம் மாறினால், சற்று நேரத்தில் கைதட்டும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும், தாளம் மட்டும் காணாமல் போயிருக்கும். அணுக்கூட்டத்திலும் அப்படித்தான். அணுக்கள் எங்கும் ஓடிவிடவில்லை, ஆற்றல் குறையவில்லை. கட்டம் மட்டும் கலைந்துவிட்டது.

சரி, இவ்வளவு மெனக்கெட்டு ஏன் சேமிக்க வேண்டும்? தொலைவு காரணம். இன்றைய நல்ல ஒளியிழையில் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளி, ஒவ்வொரு 50 கிலோமீட்டருக்கும் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் கேபிள் என்றால், அனுப்பும் ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றுதான் போய்ச் சேரும். சாதாரண இணையத்தில் நடுவழியில் பெருக்கிகள் வைத்துச் சமாளிக்கிறோம். குவாண்டம் நிலையைப் பெருக்க முடியாது. அறியாத ஒரு குவாண்டம் நிலைக்கு அச்சுப்பிரதி எடுக்க இயற்கை இடம் தருவதில்லை என்று 1982-ல் வூட்டர்ஸும் ஸூரெக்கும், தனியாக டீக்ஸும் நிறுவினார்கள். ஆகவே வேறு உபாயம் தேவைப்பட்டது. 1998-ல் பிரீகல், டூர், சிராக், ஸோலர் ஆகியோர் குவாண்டம் ரிப்பீட்டர் என்ற யோசனையை முன்வைத்தார்கள். நீண்ட பாதையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் இரு முனைகளின் குவாண்டம் நிலைகளை ஒன்றோடொன்று கோக்கும் பிணைப்பு நிலையைத் தனித்தனியாக உண்டாக்கி, பின்பு துண்டுகளை இணைப்பது. முதல் துண்டில் வெற்றி கிடைத்துவிட்டது, இரண்டாவதில் இன்னும் இல்லை என்றால் முதல் துண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்க ஓர் இடம் வேண்டும். அதுதான் குவாண்டம் நினைவகம்.

நினைவகம் இல்லாமலும் ஒரு வலைப்பின்னல் நடத்தலாம். லண்டனில் பிரிட்டிஷ் டெலிகாமும் தோஷிபாவும் 2022 ஏப்ரலில் குவாண்டம் பாதுகாப்புள்ள ஒரு நகர வலைப்பின்னலைத் தொடங்கின. கேனரி வார்ஃபிலும் லண்டன் பிரிட்ஜ் அருகிலும் உள்ள ஈஒய் நிறுவன அலுவலகங்கள் முதல் வாடிக்கையாளர்கள். நகரத்துக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. தொலைவு நூறு கிலோமீட்டரைத் தாண்டத் தொடங்கினால் நடுவில் இடைநிலையங்கள் வைத்து, செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவியை அங்கே திறந்து மறுபடி பூட்டி அனுப்ப வேண்டும். அந்த இடைநிலையத்தில் இருப்பவரை நம்பித்தான் ஆக வேண்டும். யாரையும் நம்பத் தேவையில்லாத பாதுகாப்பு என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு தொழில்நுட்பத்துக்கு இது சங்கடமான நிலைதான்.

இனி கட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற கேள்வி. இதற்கான முதல் பாடம் குவாண்டம் கணினி என்ற பேச்சே இல்லாத காலத்தில் லண்டனின் தென்மேற்கு ஓரம் டெடிங்டனில் படிக்கப்பட்டது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எசென், ஜாக் பாரி இருவரும் 1955-ல் முதல் சீசியம் அணுக் கடிகாரத்தை ஓடவைத்தார்கள். சீசியம் அணுக்கள் ஒரு வெற்றிடக் குழாய்க்குள் கற்றையாகப் பாயும். அவை வழியில் இரண்டு இடங்களில் மைக்ரோ அலையைச் சந்திக்கும். முதல் சந்திப்பில் அணு இரண்டு நிலைகளின் கலவைக்குள் போகிறது. இரண்டாவது சந்திப்புவரை அதன் கட்டம் தன்பாட்டில் சுற்றுகிறது. இரண்டாவது சந்திப்பில் அந்தக் கட்டத்தை மைக்ரோ அலையின் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நார்மன் ராம்சே வகுத்த முறை இது. இன்றும் பல குவாண்டம் நினைவகங்களின் ஆயுளை அளக்க இதே இரண்டு துடிப்புகள்தான் பயன்படுகின்றன. முதல் துடிப்பை 'எழுது' என்றும் இரண்டாவதைப் 'படி' என்றும் வாசித்தால், எசென் கட்டியது குறைந்த ஆயுளுள்ள ஒரு குவாண்டம் நினைவகம். அந்தக் கருவி இப்போது பிளாக்கெட் ஆய்வகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கடிகாரத்துக்கு எந்த இரண்டு நிலைகளைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சூட்சுமம். சீசியத்தின் அடிநிலையில் மொத்தம் பதினாறு உள்நிலைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை காந்தப்புலம் மாறினால் உடனே நகர்பவை. இரண்டு நிலைகள் மட்டும் அப்படி இல்லை; அவற்றின் காந்தத்தன்மை புலத்தின் திசையில் சுழியாக இருப்பதால், சிறிய புல மாற்றத்தை அவை ஏறத்தாழக் கண்டுகொள்வதே இல்லை. அந்த இரண்டுக்கும் இடையிலான அதிர்வெண்தான் 919,26,31,770. 1967-ல் நொடி என்ற அலகுக்கே அது வரையறை ஆனது. உலகம் நேரம் பார்ப்பது ஏறக்குறையக் காந்தத்துக்குக் காது கேட்காத இரண்டு நிலைகளை வைத்துத்தான்.

இம்பீரியலின் குளிர்பொருள் மையம் பல ஆண்டுகள் செய்துவந்த வேலை இதற்கு நேர் எதிர்த்திசை. எட் ஹைண்ட்ஸ், பென் சாவர், மைக் டார்பட் முதலியோர் 2011-ல் இட்டெர்பியம் ஃபுளோரைடு மூலக்கூறுகளைக் கொண்டு, எலக்ட்ரானின் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சற்றேனும் சாய்ந்திருக்கிறதா என்று தேடினார்கள். அப்படி எந்தச் சாய்வும் அவர்களது அளவீட்டுக்குத் தென்படவில்லை. அந்த மூலக்கூறைத் தேர்ந்ததற்குக் காரணம், இந்த ஒரு விளைவை அது பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பது. 2023 மே மாதம் இதே கல்லூரியின் குளிர் அணு உணர்கருவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் ஏறியது. ருபிடியம் அணுக்களின் கட்டத்தை வைத்துக் கப்பலின் முடுக்கத்தை அளப்பது திட்டம். செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்காத இடத்திலும் வழி தெரியும். கப்பலின் பெயர் பேட்ரிக் பிளாக்கெட். ஆய்வகத்துக்குப் பெயர் கொடுத்த அதே நோபல் இயற்பியலாளர்.  பின்னர் லண்டன் பாதாள ரயிலிலும் இந்தக் கருவியைச் சோதித்தார்கள்.

உணர்கருவிக்கு அணு எல்லாவற்றையும் கேட்க வேண்டும். நினைவகத்துக்கு எதையும் கேட்கக் கூடாது. ஆச்சரியம் என்னவென்றால் இரண்டுக்கும் வேண்டிய கருவிகள் ஒன்றே: அதே லேசர்கள், அதே வெற்றிடக் கலம், அதே காந்தச் சுருள்கள். மாறுவது நிலைகளின் தேர்வு மட்டும். இரண்டு வேலையையும் ஒரே மையத்தில் செய்வது தற்செயல் அல்ல என்பது என் கணிப்பு. எந்த நிலை எதைக் கேட்கும் என்று ஆண்டுக்கணக்கில் அளந்து பழகியவர்களுக்குத்தான் எது எதைக் கேட்காது என்பதும் தெரியும்.

ஒளியை அணுவில் நிறுத்திவைக்கும் கதைக்கு வருவோம். 1999-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் லெனே ஹாவின் குழு, அதிகுளிர் சோடியம் அணுக்கூட்டத்துக்குள் ஒளியின் வேகத்தை நொடிக்கு 17 மீட்டராகக் குறைத்துக் காட்டியது. மிதிவண்டியில் விரட்டிப் பிடிக்கலாம் என்று எழுதாத பத்திரிகை அப்போது குறைவு. 2001-ல் ஒளியை முழுக்க நிறுத்தி, ஒரு மில்லி நொடிவரை வைத்திருந்து, மறுபடி வெளியே விட்டார்கள். செய்முறை கேட்க எளிது. சேமிக்க வேண்டிய மெல்லிய ஒளித்துடிப்போடு கூடவே வலுவான ஒரு கட்டுப்பாட்டு லேசரும் அணுக்கூட்டத்துக்குள் போகிறது. அது இருப்பதால் துடிப்பு உறிஞ்சப்படாமல் மெதுவாக நகர்கிறது. துடிப்பு முழுக்க உள்ளே வந்ததும் கட்டுப்பாட்டு லேசரை அணைக்கிறார்கள். ஒளி மறைந்துவிடுகிறது, அதன் கட்டம் அணுக்களின் இரண்டு அடிநிலைகளுக்கு இடையிலான கட்டமாகப் பதிந்திருக்கிறது. லேசரை மறுபடி போட்டால் அணுக்கள் அதே ஒளியை அதே திசையில் திருப்பித் தருகின்றன.

ஹாவின் சோடியம் மேகம் மைக்ரோகெல்வின் அளவுக் குளிரில் இருந்தது. அதே 2001 ஜனவரியில், அதே கேம்பிரிட்ஜ் நகரில், பிலிப்ஸ், வால்ஸ்வொர்த், லூக்கின் முதலானோர் இதே காரியத்தைச் சூடான ருபிடியம் ஆவியில் செய்தார்கள். அவர்கள் அரை மில்லி நொடி நிறுத்தினார்கள். வெப்பநிலையில் கோடிக்கணக்கான மடங்கு வித்தியாசம். சேமிப்பு நேரத்தில் இரண்டு மடங்குதான். பொதுமக்களுக்குப் போய்ச் சேர்ந்தது குளிர்ந்த கதை மட்டும். இயற்பியலைப் புரிந்துகொள்ள எனக்குச் சூடான கதைதான் அதிகம் உதவியது.

காரணம் இது. பதிந்த கட்டம் அணுக்கூட்டத்தில் ஓர் அலையாக, வரிவரியாகப் படிகிறது. வரிகளின் இடைவெளி எவ்வளவு என்பது பயன்படுத்தும் இரண்டு லேசர்களின் அலைநீள வித்தியாசத்தைப் பொறுத்தது. ருபிடியத்தின் இரண்டு அடிநிலைகளைப் பயன்படுத்தி, இரண்டு லேசரையும் ஒரே திசையில் அனுப்பினால், இடைவெளி 4 சென்டிமீட்டருக்கும் மேல். அணு நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் ஓடினால் அரை மில்லி நொடியில் கடப்பது 15 சென்டிமீட்டர். ஆனால் நடுவே ஹீலியம் வாயுவை நிரப்பி முட்டவைத்தால் அந்தத் தொலைவு மில்லிமீட்டர் கணக்குக்குச் சுருங்கும். வரிகள் அழிவதில்லை. சூடாக இருந்தும் நினைவு நிற்பது அதனால்.

இம்பீரியலின் சூடான நினைவகம் வேறு வகை. ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள நிலைகளைப் பயன்படுத்துவது. கட்டுப்பாட்டு ஒளி 780 நானோமீட்டர், சேமிக்கும் ஒளி 1529 நானோமீட்டர். இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்கையில் வரிகளின் இடைவெளி ஒன்றரை மைக்ரோமீட்டரை ஒட்டி வரும். அதே 300 மீட்டர் வேக அணு, ஒரு நானோ நொடியிலேயே வரிகளைக் கலைத்துவிடும். இந்த இடத்தில் குளிர்வித்தால் பலன் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கேயும் எல்லையில்லாமல் இல்லை: தகவல் தங்கியிருக்கும் மேல்நிலையே நானோ நொடிக் கணக்கில் சிதைந்துவிடக்கூடியது.

அப்படியானால் அதை ஏன் கட்ட வேண்டும்? 1529 நானோமீட்டர் என்ற அந்த எண்ணுக்காக. தொலைத்தொடர்பு ஒளியிழைகள் மிகக் குறைவாக இழக்கும் அலைநீளப் பட்டையில் அது விழுகிறது. இம்பீரியலின் சாரா தாமஸும் சவுத்தாம்ப்டனின் பேட்ரிக் லெடிங்ஹாமும் ஸ்டுட்கார்ட், வூர்ஸ்பர்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2024-ல் வெளியிட்ட சோதனையில், குறைக்கடத்தியில் செய்த குவாண்டம் புள்ளி ஒன்று கேட்டவுடன் ஒற்றை ஒளித்துகளை உமிழ்ந்தது. அது நேரே ருபிடியம் ஆவிக்குள் போய்த் தங்கி, திரும்பி வந்தது. போனதில் மொத்தம் சுமார் 13 விழுக்காடு மீண்டது. துகளை உண்டாக்கும் கருவியும் துகளைச் சேமிக்கும் கருவியும் இடையில் அலைநீள மாற்றம் இல்லாமல் தொலைத்தொடர்பு அலைநீளத்திலேயே கைகோத்தது அதன் சாதனை. ஒரு நானோ நொடியில் ஒளி ஒளியிழையில் இருபது சென்டிமீட்டர்தான் போகும் என்பதால் நகரங்களுக்கிடையே இதனால் பயனில்லை. ஓர் ஒளிக் கணினிக்குள் வெவ்வேறு சமயத்தில் வரும் துகள்களை ஒரே நேரத்துக்கு நிறுத்தி அனுப்ப இந்த வகை போதும். 2019-ல் லண்டனில் தொடங்கிய ஓர்கா கம்ப்யூட்டிங் நிறுவனம் வளர்ந்தது இந்த வகை நினைவக ஆய்விலிருந்துதான்.

குளிர்ந்த பக்கத்தின் வேலை இன்னும் வினோதமானது. கிட்டப்போய்ப் பார்க்க வேண்டியது. கால்சியம் மோனோஃபுளோரைடு கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. சாதாரண நிலையில் நிலைக்காது. 4 கெல்வின் குளிரில் உள்ள ஒரு சிறு கலத்துக்குள் கால்சியத் துண்டை வைத்து, லேசர் துடிப்பால் அடித்து ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி, உள்ளே விடப்படும் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவிலிருந்து ஃபுளோரினைப் பிடுங்கிக்கொண்டு மூலக்கூறாகிறது. குளிர்ந்த ஹீலியம் வாயு அதைக் குளிர்வித்து, ஒரு துளை வழியே வெளியே தள்ளுகிறது. நொடிக்கு நூறு மீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும் அந்தக் கற்றைக்கு எதிரே லேசரை அடித்து வேகத்தைக் குறைக்கிறார்கள். மூலக்கூறின் வேகம் குறையக் குறைய அது கேட்கும் அதிர்வெண் மாறும். லேசரின் அதிர்வெண்ணையும் கூடவே நகர்த்த வேண்டும். பிறகு எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒளிக்கும் காந்தப்புலத்துக்கும் நடுவே அது சிக்கிக்கொள்கிறது.

அணுவைக் குளிர்விப்பதைவிட மூலக்கூறைக் குளிர்விப்பது பல மடங்கு தொல்லை. ஒவ்வொரு முறை ஒளித்துகளை விழுங்கி உமிழும்போதும் மூலக்கூறு அதிரத் தொடங்கி, லேசரின் பிடிக்கு வெளியே நழுவிவிடலாம். கால்சியம் மோனோஃபுளோரைடில் அது அபூர்வமாகத்தான் நடக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்ததே அதற்காக. அப்படி நழுவியவற்றைத் திருப்பிக் கொண்டுவரச் சிவப்பு லேசர்கள் சில தனியாக வேலை செய்கின்றன. 2017-ல் இந்தக் குழு மூலக்கூறுகளை 50 மைக்ரோகெல்வினுக்குக் கொண்டுவந்தது. சாதாரண லேசர் குளிர்விப்பின் எல்லை இதற்கு 200 மைக்ரோகெல்வின். 2019-ல் 5 மைக்ரோகெல்வின்.

2020-ல் வெளியான சோதனைதான் என் வாதத்துக்கு மையம். குளிர்ந்த மூலக்கூறுகளை ஒரு காந்தப்பொறிக்கு மாற்றினார்கள். மூலக்கூறு சுழலாமல் இருப்பது ஒரு நிலை, ஒரு படி சுழல்வது இன்னொரு நிலை. இடையே ஏறத்தாழ 2,050 கோடி அதிர்வு. க்யூபிட் அதில். இங்கே ஒரு முரண் இருக்கிறது. காந்தப்பொறி மூலக்கூறைப் பிடித்துவைப்பதே மூலக்கூறு காந்தத்தை உணர்வதால்தான். பொறிக்குள் புலம் இடத்துக்கு இடம் மாறும். ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒன்றை வைத்திருக்கும் மூலக்கூறின் ஒரு நிலை, ஒரு காஸ் புல மாற்றத்துக்குச் சுமார் 14 லட்சம் ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் கட்டம் எங்கே நிற்கும்?

நின்றது. கால்டுவெல், டார்பட் உள்ளிட்டோரின் குழு, டரம் பல்கலைக்கழகத்தின் கோட்பாட்டாளர் ஜெரமி ஹட்சனோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டது. சுழலாத நிலையிலும் சுழலும் நிலையிலும் எலக்ட்ரான் ஒரே மாதிரி நிற்கும்படியான ஒரு ஜோடி உண்டு. புலம் மாறினால் இரண்டும் நகரும், ஆனால் சேர்ந்தே, ஒரே அளவு நகரும். வித்தியாசம் அசையாது. அளந்து பார்த்தபோது அந்த வித்தியாசம் ஒரு காஸுக்கு 5 ஹெர்ட்ஸ்கூட நகரவில்லை. 14 லட்சம் எங்கே, 5 எங்கே! கட்டம் 6.4 மில்லி நொடி தாக்குப்பிடித்தது. மூலக்கூறு காந்தத்தைக் கேட்கிறது, அதனால் பொறிக்குள் நிற்கிறது. அதற்குள் எழுதிய க்யூபிட் கேட்கவில்லை. மேகத்தைச் சிறிதாக்கி, பொறியின் புலத்தைச் சீர்செய்தால் ஒரு நொடிக்கு மேலும் நீட்டலாம் என்பது அவர்களது உருவகக் கணிப்பு. இதில் குளிரின் பங்கு, மேகத்தைச் சிறிதாக வைத்திருப்பது. மீதி நிலைகளின் தேர்வு.

டரமில் சைமன் கார்னிஷின் குழு வேறு மூலக்கூறைப் பிடித்தது: குளிர்ந்த ருபிடியத்தையும் குளிர்ந்த சீசியத்தையும் ஒட்டவைத்துச் செய்த ருபிடியம்–சீசியம். அதில் எலக்ட்ரான்கள் எல்லாம் ஜோடி சேர்ந்துவிட்டன. மிச்சமிருக்கும் காந்தம் அணுக்கருக்களுடையது மட்டும், எலக்ட்ரானின் காந்தத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே தேறுவது. அந்த அணுக்கருச் சுழல்களில் எழுதிய க்யூபிட் 5.6 நொடிக்கு மேல் கட்டம் கலையாமல் இருந்ததாக 2021-ல் அறிவித்தார்கள். அணுக்களிலும் இதே போக்கு. பாரிஸில் 2010-ல் சில்லின் மேல் பிடித்த ருபிடியம் அணுக்கள் 58 நொடி தாக்குப்பிடித்தன. அங்கேயும் காந்த மாற்றம் கேட்காத 3.23 காஸ் என்ற ஒரு புள்ளியில்தான் வேலை. 2021-ல் சீனாவின் ஹஃபெயில் யூரோப்பியம் கலந்த படிகத்தில் ஒளியை ஒரு மணி நேரம் சேமித்தார்கள். அது ஒற்றை ஒளித்துகள் அல்ல, சாதாரண லேசர் துடிப்பு. படிகம் இருந்தது ஏறத்தாழ 2 கெல்வினில். லண்டன் மூலக்கூறுகளைவிட லட்சக்கணக்கான மடங்கு சூடு. அணுக்கருச் சுழலும் காந்தம் கேட்காத புள்ளியும் அங்கேயும் உண்டு.

இவ்வளவு செவிடாகிவிட்ட அணுவோடு பேசுவது எப்படி என்பது அடுத்த தலைவலி. அணுக்கருச் சுழல் யாரையும் கேட்பதில்லை என்றால் பக்கத்து மூலக்கூறையும் கேட்காது. கணக்குப் போடும் சமயத்தில் தகவலைச் சுழற்சி நிலைக்கு மாற்றி, மூலக்கூறுகளின் மின் இருமுனை வழியே பேசவைத்து, வேலை முடிந்ததும் மறுபடி அணுக்கருச் சுழலுக்கு இறக்கிவிட வேண்டும். டரம் குழு 2025 ஜனவரியில் ஒளி இடுக்கிகளில் பிடித்த இரண்டு மூலக்கூறுகளைப் பிணைத்துக் காட்டியது. ஒளியோடு பேசுவது இன்னும் கடினம். கால்சியம் மோனோஃபுளோரைடு விழுங்கும் ஆரஞ்சு நிற ஒளி 606 நானோமீட்டர். ஒளியிழையில் அது ஓரிரு கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். அலைநீளத்தை மாற்றி அனுப்பலாம். ஹஃபெயில் 2020-ல் ருபிடியத்தின் 795 நானோமீட்டர் ஒளியை 1342-ஆக மாற்றி, 22 கிலோமீட்டர் நிலத்தடி கேபிள் வழியே இரண்டு அணுக்கூட்ட நினைவகங்களைப் பிணைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் துகள்கள் தொலையும். அந்த வகையில் லண்டனின் சூடான குப்பிக்கு உள்ள ஒரு வசதி, குளிர்ந்த மூலக்கூறுக்கு இல்லை.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குவாண்டம் தொடர்புக்கான மையம் சி-டாட் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை ஐஐடியில் அமைகிறது. நகரங்களுக்கிடையே 2,000 கிலோமீட்டருக்குச் சாவிப் பகிர்வு என்பது இலக்குகளில் ஒன்று. அது நம்பிக்கைக்குரிய இடைநிலையங்களை வைத்து. நினைவகங்களோடு கூடிய பல்முனை வலைப்பின்னல் என்பது தனி இலக்கு. முதலாவது பொறியியல், பணமும் பொறுமையும் இருந்தால் நடக்கும். இரண்டாவதுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாச் சிக்கலும் காத்திருக்கின்றன. குளிர் அணுக்களில் நீண்ட அனுபவம் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையம், மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிலையம் போன்ற இடங்களில் உண்டு.

எவ்வளவு நேரம் சேமித்தால் போதும் என்று சென்னை–பெங்களூர் பாதைக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுவழியில், ஏறக்குறைய ஆம்பூர் பக்கம், ஒரு நினைவகம் வைப்போம். இரண்டு பக்கமும் 175 கிலோமீட்டர். அந்தத் தொலைவை ஏறத்தாழ 3,200 துகளில் ஒன்று கடக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் துகள் போய், 'வந்தது' அல்லது 'வரவில்லை' என்ற பதில் திரும்ப 1.75 மில்லி நொடி. ஆக, ஒரு பக்கம் வெற்றி பெறச் சராசரியாக ஐந்தரை நொடி பிடிக்கும். முன்னதாக வென்ற பக்கம் அதே அளவு நேரம் தாக்குப்பிடித்துக் காத்திருக்க வேண்டும். 6.4 மில்லி நொடி மூன்று முயற்சிக்கே சரியாகப் போய்விடும். டரம் மூலக்கூறின் 5.6 நொடி விளிம்பில் நிற்கிறது. நினைவகம் ஒன்றுக்குப் பதில் மூன்று வைத்து, துண்டுகளை 87 கிலோமீட்டராகக் குறைத்தால் காத்திருப்பு 50 மில்லி நொடியை ஒட்டி இறங்கிவிடும். எல்லாக் கருவியும் நூறு விழுக்காடு வேலை செய்யும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. 13 விழுக்காடு மீட்கும் நினைவகத்தை அங்கே வைத்தால் காத்திருப்பும் அதற்கேற்ப நீளும்.